3டி வீடியோவுக்கு நடுவே 2டி காட்சிகளைச் சேர்ப்பது எப்படி?

பத்து நிமிட 3டி வீடியோ. நடுவில் ஒரு நிமிடம் ட்ரோனில் எடுத்த சாதாரண 2டி காட்சி. இரண்டையும் எடிட்டிங்கில் வரிசையாக ஒட்டி ரெண்டர் செய்தாயிற்று. 3டி புரொஜெக்டரில் போட்டுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால், ட்ரோன் காட்சி வந்ததும் கண் வலிக்கும். படத்தின் இடது பாதி இடக்கண்ணுக்கும் வலது பாதி வலக்கண்ணுக்கும் போய், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, அகலவாக்கில் இழுபட்டுத் தெரியும். இடப்பக்கம் நின்ற தென்னை மரம் வலப்பக்கக் கட்டடத்துக்குள் முளைத்து நிற்கும்.

புரொஜெக்டரில் கோளாறு எதுவும் இல்லை. ‘சைடு பை சைடு’ முறையில் ஓடும்போது வருகிற ஒவ்வொரு ஃபிரேமையும் நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதியாகக் கொடுப்பதுதான் அதற்கு இட்ட வேலை. நடுவில் வந்தது 2டி என்று அதற்குத் தெரியாது.

ஆகவே ஸ்ட்ரீமின் அமைப்பு முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம்வரை மாறக் கூடாது. 2டி காட்சிக்கும் 3டி சட்டையை மாட்டிவிட வேண்டும். அதாவது, ஒரே படத்தை இரண்டாக்கி இரண்டு கண்ணுக்கும் கொடுக்க வேண்டும். இது சொல்ல ஒரு வரிதான். அந்தத் தட்டைப் படம் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும், எழுத்தை எங்கே வைப்பது, 3டியிலிருந்து 2டிக்கு எப்படித் தாவுவது என்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

குறியீட்டை மாற்றினால் போதாதா?

போதும் என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்பார்கள். எச்.264 என்ற சுருக்கும் முறையில் அமைந்த வீடியோவுக்குள் ‘ஃபிரேம் பேக்கிங்’ என்ற ஒரு தகவல் துண்டை வைக்க இடம் உண்டு. அதில் 3 என்றால் சைடு பை சைடு, 4 என்றால் மேல்-கீழ், 5 என்றால் ஒரு ஃபிரேம் இடக்கண், அடுத்தது வலக்கண். 6 என்ற மதிப்பு ‘இது 2டி’ என்றே சொல்கிறது. காகிதத்தில் பார்த்தால், 3டி பகுதிக்கு 3, 2டி பகுதிக்கு 6 என்று மாற்றி மாற்றி எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

நடைமுறையில் பல பிளேயர்கள் இந்தத் தகவலைத் தொடக்கத்தில் ஒருமுறை படிப்பதோடு சரி. சில, திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஒழுங்காகப் படிக்கும் டிவியோ ஒவ்வொரு மாற்றத்திலும் 2டி முறைக்கும் 3டி முறைக்கும் தாவும். தாவும்போது திரை கொஞ்ச நேரம் கருத்துவிட்டு வரும். பத்து இடத்தில் காட்சி மாறினால் பத்து முறை கருக்கும். ஆகவே குறியீட்டை முழு ஸ்ட்ரீமுக்கும் ஒரே மதிப்பாக வையுங்கள். அதை நம்பிப் படத்தின் அமைப்பை மாற்றாதீர்கள்.

முதலில் வடிவத்தை முடிவு செய்யுங்கள்

முழு சைடு பை சைடு: 3840 × 1080. ஒவ்வொரு கண்ணுக்கும் முழு 1920 × 1080. விஆர் ஹெட்செட்டிலும் கணினியிலும் பார்ப்பதற்கு இதுதான் நல்லது.

பாதி சைடு பை சைடு: 1920 × 1080. இரண்டு கண்ணின் படமும் 960 பிக்சல் அகலத்துக்கு நெருக்கப்பட்டு அருகருகே இருக்கும். பழைய 3டி டிவி, புரொஜெக்டர் எல்லாவற்றிலும் ஓடும். குறுக்குவாட்டுத் துல்லியத்தில் பாதி போய்விடும்.

பாதி மேல்-கீழ்: இதுவும் 1920 × 1080தான். ஆனால் ஒவ்வொரு கண்ணுக்கும் 540 வரி.

பாதி வடிவம்தான் வேண்டும் என்றால் பொதுவாக சைடு பை சைடையே எடுங்கள். காரணம் சுருக்கும் முறையில் இருக்கிறது. எச்.264 படத்தை 16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. 960ஐ 16ஆல் வகுத்தால் மிச்சமின்றி 60. அதற்குப் பின் வந்த எச்.இ.வி.சி. முறையின் 64 பிக்சல் கட்டத்துக்கும் 960 சரியாக 15 கட்டம். மேல்-கீழில் 540ஐ 16ஆல் வகுத்தால் 33.75, ஒரு வரிசைக் கட்டம் இரண்டு கண்ணின் படத்தையும் மிதித்துக்கொண்டு நிற்கும். பிட்ரேட் (நொடிக்கு ஒதுக்கும் தரவின் அளவு) குறைவாக இருந்தால் இடக்கண் படத்தின் அடி ஓரக் கசிவு வலக்கண் படத்தின் உச்சியில் மெல்லிய கோடாகத் தெரியும். பளிச்சென்ற வானமும் கருப்புத் தரையும் சந்திக்கும் காட்சிகளில் இது உறுத்தும்.

முழு சைடு பை சைடுக்கு ஒரு எச்சரிக்கை. 3840 × 1080, நொடிக்கு 30 ஃபிரேம் என்பது எச்.264இல் 5.0 லெவல் (கருவி எவ்வளவு பெரிய வீடியோவைக் கையாளும் என்பதற்கான படிநிலை) கேட்கும். பழைய டிவிகளும் புரொஜெக்டர்களும் பெரும்பாலும் 4.1 லெவலோடு நின்றுவிடும். ஒலி மட்டும் வந்து படம் வராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள். 

தயாரிப்பு வேலை

கீழே சொல்லும் முறைக்கு 3டி எடிட்டிங் வசதி உள்ள விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் தேவையில்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் ஸ்டீரியோ (3டி) கருவிகள் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. ஆனால் இலவசப் பதிப்பிலேயே இந்த வேலையை முடிக்கலாம். கெடென்லைவ் போன்றவற்றிலும் இதே தர்க்கம் எடுபடும்.

ஃபிரேம் ரேட்டை ஒன்றாக்குங்கள். செல்போன் வீடியோக்கள் பலவும் நிலையற்ற ஃபிரேம் ரேட்டில் பதிவாகும். 29.8, 30.1 என்று ஆடும். எடிட்டிங்குக்குக் கொண்டுவரும் முன்பே எஃப்எஃப்எம்பெக், ஹேண்ட்பிரேக் போன்ற வீடியோ மாற்றும் கருவி ஒன்றில் போட்டு நிலையான 30 அல்லது 25 ஆக்கிவிடுங்கள்.

3டி ஷாட் ஒவ்வொன்றையும் 3840 × 1080 சைடு பை சைடு ஃபைலாக மாற்றிவையுங்கள். இரண்டு தனிக் கேமராவில் எடுத்திருந்தால் கைதட்டலையோ கிளாப் போர்டையோ வைத்து ஃபிரேமுக்கு ஃபிரேம் பொருத்தியபின் ஒட்டுங்கள். இதில் ஒரு ஃபிரேம் பிசகினாலும் விளைவு உண்டு. திரையில் ஒரு ஃபிரேமுக்கு 20 பிக்சல் வேகத்தில் குறுக்கே நடப்பவருக்கு 20 பிக்சல் பொய்யான ஆழம் சேர்ந்துவிடும். ஒரு பக்கம் நடந்தால் தரைக்குள் போவார், மறுபக்கம் நடந்தால் காற்றில் முன்னே வருவார். அசையாத பொருள்கள் சரியாக இருந்து, நடப்பவர்கள் மட்டும் விசித்திரமாகத் தெரிந்தால் கோளாறு நேரப் பொருத்தத்தில்தான்.

ஐபோனில் எடுத்த ஸ்பேஷியல் வீடியோவாக (ஆப்பிளின் 3டி வடிவம்) இருந்தால், சாதாரண எடிட்டிங் மென்பொருள் அதில் ஒரு கண்ணின் படத்தை மட்டுமே பார்க்கும். ‘இது 2டி ஃபைல்தானே’ என்று ஏமாந்துபோக வேண்டாம். இரண்டு கண்ணையும் பிரித்தெடுக்கும் கருவியில் போட்டு சைடு பை சைடாக மாற்றிக்கொள்ளுங்கள். எஃப்எஃப்எம்பெக் 7.1 பதிப்பிலிருந்து இந்த வகை ஃபைலைத் திறக்கிறது.

இடம்-வலம் மாறவில்லையே என்று ஒவ்வொரு ஷாட்டிலும் சோதியுங்கள். கண்ணாடி தேவையில்லை. அருகில் உள்ள ஒரு பொருளைப் பாருங்கள்: வலது படத்தோடு ஒப்பிட்டால், இடது படத்தில் அது பின்னணிக்கு எதிரே வலப்பக்கம் தள்ளி நிற்க வேண்டும். மூக்குக்கு நேரே விரலை நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும்.

படி 1: இடக்கண் டைம்லைன்

1920 × 1080இல் புதிய டைம்லைன் திறந்து ‘இடக்கண்’ என்று பெயரிடுங்கள். முழு எடிட்டிங்கும் இதில்தான் நடக்கும்.

3டி ஷாட்டை இதில் போட்டதும் மென்பொருள் அதைச் சுருக்கி, இரண்டு படத்தையும் அருகருகே காட்டும். இன்ஸ்பெக்டரில் ஸ்கேலிங் என்பதை ‘கிராப்’ ஆக்குங்கள். இப்போது அளவு மாறாமல் நடுப்பகுதி மட்டும் தெரியும். பொசிஷன் எக்ஸ் மதிப்பை +960 ஆக்குங்கள். படம் வலப்பக்கம் நகர்ந்து, அதன் இடது பாதி கச்சிதமாகத் திரையை நிரப்பும். அதுதான் இடக்கண். மூலப்படம் பாதி சைடு பை சைடாக இருந்தால், முதலில் ஸூம் எக்ஸை மட்டும் 2.0 ஆக்கிவிட்டு (எக்ஸ்-ஒய் இணைப்புச் சங்கிலியைக் கழற்றிவிட்டு) அதே +960.

2டி காட்சியை வழக்கம்போலப் போடுங்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். வண்ணத் திருத்தம், வெட்டு, இசை எல்லாம் இங்கேயே முடியட்டும். முடிந்ததும் இந்த டைம்லைனைத் தனியாக ரெண்டர் செய்தால் அதுவே உங்கள் வீடியோவின் 2டி பதிப்பு. கண்ணாடி இல்லாதவர்களுக்கு இதைக் கொடுக்கலாம்.

படி 2: வலக்கண் டைம்லைன்

இடக்கண் டைம்லைனை அப்படியே நகலெடுத்து ‘வலக்கண்’ என்று பெயர் மாற்றுங்கள். அதில் உள்ள 3டி ஷாட்களில் +960 என்பதை −960 ஆக்குங்கள். அவ்வளவே. வெட்டும் இடம், நீளம், நிறம் எதையும் தொடக் கூடாது. நகலெடுத்த பிறகு எடிட்டில் ஏதாவது மாற்ற வேண்டி வந்தால், வலக்கண்ணை அழித்துவிட்டு இடக்கண்ணில் திருத்தி மறுபடி நகலெடுங்கள். இரண்டு டைம்லைனிலும் தனித்தனியாகத் திருத்த ஆரம்பித்தால் எங்காவது ஒரு ஃபிரேம் தவறும். அது எந்த இடம் என்று தேடுவதற்கு அரை நாள் போகும்.

நடுக்கம் நீக்கும் ஸ்டெபிலைசரை 3டி ஷாட்களில் இரண்டு டைம்லைனிலும் தனித்தனியே ஓடவிடாதீர்கள். இரண்டு கண்ணுக்கும் அது வெவ்வேறு கணக்குப் போடும். ஒரு கண்ணின் படம் மேலேயும் மற்றது கீழேயும் நகரும். மேல்-கீழ் வேறுபாட்டைக் கண் தாங்காது. 1080 வரிப் படத்தில் அது மூன்று பிக்சலுக்குள் இருக்கட்டும்.

படி 3: தட்டைப் படத்தை எங்கே நிறுத்துவது?

இரண்டு கண்ணுக்கும் ஒரே படத்தை ஒரே இடத்தில் கொடுத்தால் அது திரையின் பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பல நேரம் அது போதும். ஆனால் சுற்றியுள்ள 3டி ஷாட்கள் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் ஆழமாக விரியும். அப்படி ஒரு காட்சியிலிருந்து வெட்டியதும் தட்டைப் படம் முகத்தருகே வந்து மோதுவது போல இருக்கும். அதனால் அதைச் சற்றுப் பின்னே தள்ளுவோம்.

விதி இதுதான்: இடக்கண் படம் இடப்பக்கமும் வலக்கண் படம் வலப்பக்கமும் நகர்ந்தால் காட்சி திரைக்குப் பின்னே போகும். எதிராக நகர்ந்தால் முன்னே வரும். இடக்கண் டைம்லைனில் 2டி கிளிப்பின் எக்ஸ் −10, வலக்கண்ணில் +10 என்று வையுங்கள். மொத்த இடைவெளி 20 பிக்சல், அதாவது திரை அகலத்தில் சுமார் 1 விழுக்காடு. நல்ல தொடக்க அளவு இது.

நகர்த்தியதும் ஓரத்தில் 10 பிக்சல் கருப்புப் பட்டை தெரியும். ஸூமை 1.011 ஆக்குங்கள், படம் 1941 பிக்சல் ஆகி இரு பக்கமும் பத்துப் பிக்சல் மூடிக்கொள்ளும். இரண்டு கண்ணையும் ஒரே 3840 டைம்லைனில் அருகருகே வைத்து எடிட் செய்யாதீர்கள் என்பதற்கான காரணமும் இங்கேதான். அங்கே பெரிதாக்கிய படம் நடுக்கோட்டைத் தாண்டி மற்றக் கண்ணின் பகுதிக்குள் பத்துப் பிக்சல் நுழைந்துவிடும். தனித்தனி டைம்லைனில் ஓரம் தானாகவே வெட்டுப்படும்.

எவ்வளவு தள்ளலாம்? இங்கிலாந்தின் ஸ்கை 3டி சேனல் தன் தயாரிப்பாளர்களுக்கு வைத்த வழக்கமான எல்லை: பின்னே 2 விழுக்காடு, முன்னே 1 விழுக்காடு. வீட்டுத் திரைக்கு இன்றும் இதைப் பின்பற்றலாம். 1920இல் 2 விழுக்காடு என்பது 38 பிக்சல். ஆனால் இந்த எல்லை திரையின் அளவைப் பொறுத்தது. பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கும் இடையே சுமார் 65 மில்லிமீட்டர். திரையில் இடைவெளி அதைவிட அதிகமானால் கண்கள் வெளிப்பக்கமாக விரிய வேண்டும். அது கண்ணின் இயல்பு அல்ல, தலைவலி நிச்சயம். 2 விழுக்காடு 65 மில்லிமீட்டர் ஆவது 3.25 மீட்டர் அகலத் திரையில். மண்டபத்தில் 10 மீட்டர் திரையில் காட்டப் போகிறீர்கள் என்றால் 0.65 விழுக்காட்டோடு, அதாவது 12 பிக்சலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே நாம் சொன்ன 20 பிக்சலே அதிகம். குழந்தைகள் பார்ப்பார்கள் என்றால் இன்னும் குறையுங்கள், அவர்களுக்குக் கண் இடைவெளி சிறிது.

ட்ரோன் காட்சி 2டியாக இருக்கிறதே என்று வருந்த வேண்டாம். 3டி படம் எடுப்பவர்கள் சொல்லும் கைக்கணக்கு ஒன்று உண்டு: இரண்டு லென்சுக்கும் இடையே உள்ள தூரத்தைப்போல முப்பது மடங்கு தொலைவில் இருக்கட்டும் மிக அருகில் உள்ள பொருள். 65 மில்லிமீட்டருக்கு அது சுமார் 2 மீட்டர். 60 மீட்டர் உயரத்திலிருந்து எடுக்கும் காட்சியில் ஆழம் தெரிய வேண்டுமென்றால் லென்சுகள் 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சாதாரண 3டி கேமராவை ட்ரோனில் ஏற்றினாலும் கிடைப்பது ஏறக்குறையத் தட்டைப் படம்தான். தொலைதூரக் காட்சி, மலை, வானம், கூட்டத்தின் உச்சிப் பார்வை ஆகியவை 2டியாக இருந்தால் பார்ப்பவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். முகத்தை நெருங்கி எடுத்த 2டி ஷாட்தான் உடனே காட்டிக்கொடுக்கும்.

பழைய புகைப்படமும் பழைய வீடியோவும்

இவற்றைத் திரை முழுக்க விரிக்காதீர்கள். 640 × 480 வீடியோவை 1080க்கு இழுத்தால் மங்கலும் தெரியும், தட்டையும் தெரியும். அதற்குப் பதில் அடுக்கு முறை. பின்னணியாக மங்கலாக்கிய ஒரு துணியோ சுவரோ, 30 பிக்சல் பின்னே. அதன் மேல் புகைப்படம், 1080 × 810 அளவில், 12 பிக்சல் பின்னே. அதைச் சுற்றி ஒரு சட்டம், 8 பிக்சல் பின்னே. கீழே ஆண்டும் ஊரும் எழுதிய வரி, திரைப் பரப்பில் பூஜ்யத்தில். படம் தட்டையாகவே இருந்தாலும் அது ஓர் அறையில் மாட்டியிருக்கும் படம் ஆகிவிடுகிறது. மூளை அதைத் தட்டை என்று குறை சொல்லாது, ஏனென்றால் புகைப்படம் தட்டையாகத்தானே இருக்கும்!

2டியைத் தானாக 3டி ஆக்கித் தரும் கருவிகள் இப்போது நிறைய. ஓரிரு ஷாட்டுக்கு உதவும். தலைமுடி, கண்ணாடிச் சன்னல், தண்ணீர், கம்பி வேலி இருக்கும் இடத்தில் ஓரங்கள் ரப்பர் போல இழுபடும். பயன்படுத்துவதானால் ஆழத்தை 1 விழுக்காட்டுக்குள் வையுங்கள். நல்ல தட்டைப் படம் மோசமான பொய் ஆழத்தைவிட எப்போதும் மேல்.

தாவும் இடங்கள்

3டியிலிருந்து 2டிக்கு டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்ததாக மாறுவது) போடாதீர்கள். இரண்டு ஆழங்களும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவித் தெரியும். கண் எதைப் பிடிப்பது என்று தவிக்கும். நேர் வெட்டு, அல்லது எட்டு ஃபிரேம் கருப்புக்குப் போய்த் திரும்புவது.

வெட்டுக்கு முன் பார்வையாளர் எங்கே பார்த்துக்கொண்டிருப்பார் என்று பாருங்கள். திரைக்கு முன்னே நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது 20 பிக்சல் பின்னே உள்ள ட்ரோன் காட்சிக்கு வெட்டினால் அது பெரிய தாவல். அப்படிப்பட்ட இடத்தில் 2டி கிளிப்பைப் பூஜ்யத்தில் தொடங்கி, 24 ஃபிரேமில் மெல்ல 10-10 என்று பின்னே நகர்த்தும்படி கீஃபிரேம் வையுங்கள். நகர்வது தெரியாது, கண் மட்டும் நிம்மதியாகும்.

தட்டைக் காட்சி எதுவும் மூன்று நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு 3டி, ஒரு 2டி, மறுபடி ஒரு 3டி என்று பந்தாடுவதைவிட 2டி துண்டுகளைச் சேர்த்து ஒரே பகுதியாக வைப்பது நல்லது.

எழுத்து

தலைப்பும் வசனமும் இரண்டு டைம்லைனிலும் இருக்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் எழுத்து மினுங்கும். அதோடு, அதன் பின்னால் உள்ள பொருளைவிட எழுத்து முன்னே நிற்க வேண்டும். கீழ் ஓரத்தில் ஒருவரின் தோள் 10 பிக்சல் முன்னே இருந்தால், வசன வரி 14 பிக்சல் முன்னே: இடக்கண்ணில் +7, வலக்கண்ணில் −7. எழுத்து தோளை மறைத்துக்கொண்டே தோளுக்குப் பின்னால் இருப்பதாகத் தெரிந்தால் கண் அந்த முரணை ஏற்காது.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். பாதி சைடு பை சைடில் படம் குறுக்குவாட்டில் நெருங்குவதால் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி ‘ன’ போலத் தெரியும். பாதி மேல்-கீழில் குறுக்குவாட்டு நெருக்கடி இல்லை. ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். எந்தப் பாதி வடிவமானாலும் 60 பிக்சலுக்குக் குறையாத அளவு, ஒரே தடிமனுள்ள எழுத்துரு, மெல்லிய கருப்பு ஓரம். தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் அலங்கார எழுத்துரு வேண்டாம். வசனத்தைத் தனி எஸ்ஆர்டி ஃபைலாகக் கொடுத்தால், 3டி அறியாத பிளேயர் அதை ஃபிரேமின் நடுவே ஒருமுறை மட்டும் எழுதும். வரியின் முதல் பாதி ஒரு கண்ணுக்கு, இரண்டாம் பாதி மற்றொரு கண்ணுக்கு என்று பிரியும். படத்திலேயே பதித்துவிடுங்கள்.

படி 4: ஒன்றுசேர்த்து ரெண்டர் செய்தல்

மூன்றாவது டைம்லைன், 3840 × 1080. இடக்கண் டைம்லைனை ஒரு கிளிப்பாக இழுத்துப் போட்டு எக்ஸ் −960. அதன் மேல் டிராக்கில் வலக்கண், எக்ஸ் +960. ஒலி இடக்கண்ணிலிருந்து மட்டும். இரண்டும் சேர்ந்தால் சத்தம் கூடிவிடும். பாதி வடிவத்துக்கு 1920 × 1080 டைம்லைனில் இரண்டுக்கும் ஸூம் எக்ஸ் 0.5, எக்ஸ் −480 மற்றும் +480.

முழு வடிவத்துக்கு எச்.இ.வி.சி., நொடிக்கு 25 முதல் 30 மெகாபிட். பாதி வடிவத்துக்கு எச்.264, 15 மெகாபிட் அல்லது சிஆர்எஃப் (தரத்தைக் குறிக்கும் அளவு) 18. 2டி பகுதியில் இரண்டு பாதியும் ஒரே படம்தானே, பிட் மிச்சமாகாதா என்று கேட்கலாம். ஆகாது. சைடு பை சைடில், வீடியோவைச் சுருக்கும் என்கோடர் அதை ஓர் அகலமான படமாகத்தான் பார்க்கிறது. இரண்டு பாதியும் ஒன்று என்று அதற்குத் தெரியாது, இரண்டையும் தனித்தனியே எழுதுகிறது.

பிறகு அடையாளம் இடுங்கள். எச்.264க்கான எக்ஸ்264 என்கோடரில் ‘ஃபிரேம் பேக்கிங்’ விருப்பத்தின் மதிப்பு 3. ஹேண்ட்பிரேக்கில் கூடுதல் விருப்பங்கள் பெட்டியில் ஆங்கிலத்தில், இரண்டு சொல்லுக்கும் நடுவே சிறுகோடு வைத்து, சமக்குறியும் 3ம் எழுதலாம். எம்கேவி ஃபைலானால் எம்கேவிடூல்நிக்ஸில் வீடியோ டிராக்கின் ஸ்டீரியோ முறையை ‘சைடு பை சைடு, இடது முதலில்’ ஆக்குங்கள். விஆர் ஹெட்செட் பிளேயர்கள் பல, ஃபைல் பெயரின் கடைசியில் வரும் எஸ்பிஎஸ் என்ற ஆங்கில எழுத்துகளைப் பார்த்தும் புரிந்துகொள்ளும்.

நேரலையானால்

ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளிலும் இதே கொள்கைதான். கேன்வாஸ் 3840 × 1080 என்று ஒருமுறை வைத்துவிட்டு, ஒளிபரப்பு முடியும்வரை அதைத் தொடாதீர்கள். 2டி கேமராவுக்கு ஒரு தனிக் காட்சி: அதே மூலத்தை இரண்டு முறை, ஒன்று பூஜ்யத்தில், மற்றது 1920இல். பின்னே தள்ள ஒரு குறுக்குவழி உண்டு. இடப்பக்க நகலின் இடது ஓரத்தில் 20 பிக்சலும், வலப்பக்க நகலின் வலது ஓரத்தில் 20 பிக்சலும் வெட்டிவிட்டு, இரண்டையும் 1920க்கு இழுத்து நிரப்புங்கள். கருப்புப் பட்டையும் வராது, படம் 20 பிக்சல் பின்னேயும் போய்விடும். ஒரு விழுக்காடு அகலம் கூடுவது யார் கண்ணுக்கும் தெரியாது.

2டி திரையிலும் 3டி திரையிலும் ஓடும் ஒரே ஃபைல்

சைடு பை சைடு ஃபைலைச் சாதாரண டிவியில் போட்டால் இரட்டைப் படம் தெரியும். இதைத் தீர்க்க வந்தவை பலபார்வைக் குறியாக்க முறைகள். அடிப்படை அடுக்கில் ஒரு கண்ணின் முழுப்படம்; இரண்டாவது அடுக்கில் மற்றக் கண்ணுக்கான வேறுபாடு மட்டும். பழைய பிளேயர் முதல் அடுக்கை மட்டும் படித்து 2டியாக ஓட்டும். 2009 டிசம்பரில் முடிவான புளூரே 3டி, எச்.264இன் எம்விசி முறையில் இதைச் செய்தது. 2டியைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுதல் இடம் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. எச்.இ.வி.சி.க்கான எம்வி-எச்.இ.வி.சி. 2014இலேயே தரத்தில் சேர்ந்துவிட்டாலும், 2023 டிசம்பரில் ஐபோன் 15 ப்ரோவில் ஸ்பேஷியல் வீடியோ வந்த பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது.

2டியும் 3டியும் கலந்த வீடியோவுக்கு இது மிகவும் பொருத்தம். தட்டைப் பகுதியில் இரண்டு கண்ணின் படமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், இரண்டாவது அடுக்குக்கு எழுத வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இடக்கண் படத்தையே எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு என்கோடர் நகர்ந்துவிடும். 10-10 பிக்சல் தள்ளியிருந்தாலும் அந்த நகர்வை மட்டும் குறித்துக்கொள்ளும். பைனல் கட் ப்ரோ 11 இந்த வடிவத்தை நேரடியாக எடிட் செய்து ரெண்டர் செய்கிறது. எச்.இ.வி.சி.க்கான எக்ஸ்265 என்கோடரில் 4.0 பதிப்பிலிருந்து என்கோட் செய்யலாம், ஆனால் பலபார்வை வசதியை இயக்கி கம்பைல் செய்த பிரதி வேண்டும். மேலே உருவாக்கிய இடக்கண், வலக்கண் டைம்லைன்களே இதற்கும் மூலம்.

கொடுக்கும் முன் ஒரு சோதனை

கண்ணாடியோடு உட்கார்ந்து ஒவ்வொரு 2டி பகுதியிலும் கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். இடக்கண்ணில் ஓரத்தில் கருப்புக் கோடு, வலக்கண்ணில் எழுத்து இல்லாமை, ஒரு கண்ணில் மட்டும் நிறம் வேறு: இவை இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ‘ஏதோ சரியில்லை’ என்ற உறுத்தலாக மட்டுமே தெரியும். ஒரு கண்ணாகப் பார்த்தால் உடனே பிடிபடும். 3டி கருவி கையில் இல்லையென்றால், எஃப்எஃப்எம்பெக்கின் ஸ்டீரியோ3டி ஃபில்டரில் போட்டுச் சிவப்பு-சியான் படமாக மாற்றிக் காகிதக் கண்ணாடியில் பாருங்கள். 2டி பகுதியில் சிவப்பு ஓரமும் சியான் ஓரமும் எல்லாப் பொருளிலும் ஒரே அளவு விலகியிருந்தால் சரி. கண்ணாடி போடாமலேயே அந்த விலகலைப் பிக்சல் கணக்கில் அளந்துவிடலாம்.

சேமித்து வைக்க வேண்டியது ஒன்றுசேர்த்த ஃபைலை அல்ல. இடக்கண், வலக்கண் இரண்டையும் தனித்தனியே, முழு 1920 × 1080இல், அதிகம் சுருக்காத வடிவில் வையுங்கள். பாதி வடிவத்தில் நெருக்கிய படத்தைப் பிறகு விரித்தாலும் போன பிக்சல் திரும்பி வராது.